நத்தை ஓட்டு வாசல்

கூரன் என்ற முள்ளம்பன்றிக்கு அன்று காலையில் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. எதிர் மேட்டில் தெரிந்த முயலின் புது வீடு கண்ணை உறுத்தியது.

மஞ்சாடி என்ற அந்த முயல் காட்டுக் குளத்தின் கரையில் குடியிருந்தது. போன மழையில் குளம் பொங்கி அதன் வளையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கரைக்கு மேலே, மேட்டில், அதற்குப் புது வளை. உள்ளே இரண்டு அறைகள்.

"பெருச்சாளிங்க வந்து தோண்டிக் கொடுத்துச்சாம். வேலை முடியற வரைக்கும் சாப்பாடும் வந்துச்சாம்" என்றது கூரன்.

"மழைப் பங்குதானே? நாமளும்தான் போடுறோம்" என்றது அதன் மனைவி தாழை.

மழைப் பங்கு என்பது அந்தக் காட்டின் வழக்கம். கோடையில் ஒவ்வொரு குடும்பமும் கொஞ்சம் கிழங்கோ விதையோ கொண்டுவந்து கொடுக்கும். அணில்கள் அதை இலுப்பை மரத்தின் உச்சிப் பொந்தில் ஏற்றிவைக்கும். கொண்டையக்கா என்ற மரங்கொத்தி அதற்குக் காவல். பங்கு போட்ட யாருடைய வீட்டையாவது தண்ணீர் கொண்டுபோனால், பொந்திலிருந்து எடுத்து அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு போடுவார்கள். பெருச்சாளிகளுக்குக் கூலி கொடுத்து, மேடான இடத்தில் புது வளையும் தோண்டித் தருவார்கள்.

கூரனும் தவறாமல் பங்கு போட்டுவந்தது. ஆனால் அதன் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வந்ததில்லை.

"என் கிழங்கெல்லாம் அவளுக்கு வீடா மாறியிருக்கு" என்று முணுமுணுத்தது கூரன்.

"வீடு போனப்போ அவ அழுதது மறந்துபோச்சா?"

"அழுதா. அப்புறம் ரெண்டு அறை கிடைச்சுது."

தாழை பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டது.

கோடை வந்தது. கூரன் வெறுங்கையோடு இலுப்பை மரத்தடிக்குப் போனது.

"இந்த வருஷம் என் பங்கு கிடையாது, கொண்டையக்கா."

"ஏன், கிழங்கு விளையலையா?"

"நல்லா விளைஞ்சுது. நான் குளத்துக்கு எவ்வளவோ தள்ளி இருக்கேன். வராத தண்ணிக்கு எதுக்குப் பங்கு?"

"குளத்துத் தண்ணி வராது, சரி. மலையிலேருந்து இறங்குற தண்ணி?"

"நான் குடி வந்ததிலிருந்து வந்ததில்லை."

"நீ குடி வந்தே சில வருஷம்தானே ஆச்சு? அதுக்கு முன்னாடி?"

 கூரன் குரலை உயர்த்தியது. "என் வீட்டு மேல கிளை முறிஞ்சு விழுந்தப்போ எல்லாரும் ஓடி வந்து தூக்குனீங்க. அப்போ பங்கா கேட்டீங்க?"

"கிளை விழுந்தா ஒரு வீட்டுக்குத்தான் கஷ்டம். மத்தவங்க வந்து கை கொடுப்பாங்க. வெள்ளம் வந்தா அவங்கவங்களுக்கு அவங்கவங்க வீடு. உன்னைத் தேடி யார் வருவா? அதுக்குத்தான் முன்கூட்டியே சேத்து வைக்கிறோம்." கொண்டையக்கா அலகைப் பட்டையில் தீட்டிக்கொண்டது. "உன் இஷ்டம். ஆனா முதல் இடி இடிச்ச பிறகு போடுற பங்கு அடுத்த வருஷ மழைக்குத்தான் சேரும். ஞாபகம் வச்சுக்கோ."

"அந்தக் கவலையெல்லாம் மஞ்சாடிக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூரன் திரும்பியது.

அன்றே அது தன் வளையைத் தோண்டத் தொடங்கியது. முயலுக்கு இரண்டு அறை என்றால் தனக்கு மூன்று இருக்க வேண்டும்! மண் மெத்தென்று இருந்தது. தோண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் கிடைத்தன. கூரனுக்கு ஒரே குஷி. அவற்றைத் துடைத்து, வாசலைச் சுற்றிப் பூப்போலப் பதித்தது. வெயில் பட்டதும் வாசல் பளபளத்தது.

வீட்டைப் பார்க்க எல்லாரும் வந்தார்கள். மஞ்சாடியும் வந்தது. அதற்காகத்தானே கூரன் காத்திருந்தது?

"அழகா இருக்கு, அண்ணே. ஓடெல்லாம் எங்க குளத்துல பொறுக்குனதா?"

"உங்க குளத்துக்கு நான் எதுக்கு வரணும்? என் வீட்டுத் தரையிலேயே கிடைச்சுது. தோண்டத் தோண்ட வருது."

மஞ்சாடியின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. அது குனிந்து தரையை முகர்ந்தது. முன்னங்காலால் லேசாகக் கீறிப் பார்த்தது.

"அண்ணே, இது தண்ணி நத்தை. காய்ஞ்ச மண்ணுல இது இருக்காது. இந்த மண்ணும் எங்க குளத்து வண்டல் மாதிரியே இருக்கு. எப்பவோ இந்த வழியா வெள்ளம் போயிருக்கு. இன்னும் இடி இடிக்கலை. உங்க பங்கைப் போட்டுடுங்க."

கூரனுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. முயல் பொறாமைப்படுகிறது என்று அது நினைத்தது. நாள்தோறும் தான் படும் பாட்டை மற்றவர் முகத்திலும் பார்த்துவிட்டதாக அதற்கு ஒரு திருப்தி.

"மூணு அறையைப் பார்த்ததும் வயிறு எரியுதாக்கும்?"

"வயிறு எரிஞ்சா நான் ஏன் இதைச் சொல்றேன்? வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேனே" என்று சொல்லிவிட்டு மஞ்சாடி போய்விட்டது.

தாழை ஒரு நத்தை ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அவ சொன்னதுல..."

"அவளுக்குப் பொறாமை. விடு."

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மலைமேல் வானம் கறுத்தது. முதல் இடி இடித்தது. காலடியில் தரை அதிர்ந்ததும் கூரனுக்கு முயலின் பேச்சு நினைவுக்கு வந்தது. இருந்த கிழங்கையெல்லாம் முள்ளில் குத்திக்கொண்டு இலுப்பை மரத்துக்கு ஓடியது.

"கொண்டையக்கா! என் பங்கு. ரெட்டிப்பாவே கொண்டாந்திருக்கேன்."

"வச்சுட்டுப் போ. அடுத்த மழைக்கு ஆகும்."

"இன்னும் ஒரு தூறல்கூட விழலையே!"

"இடி இடிச்சாச்சே. இடியைக் கேட்டப்புறம் போட்டுக்கலாம்னா கோடையில எவன் போடுவான்? பொந்து காலியாத்தான் கிடக்கும்."

கூரன் கிழங்கோடு வீடு திரும்பியது. மழை பிடித்துக்கொண்டது. அது வாசலில் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. குளம் ஏறவில்லை. கூரனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது. மலைச்சரிவிலிருந்து செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு வந்து, மூன்று அறைகளிலும் புகுந்தது. ஆளுக்கொரு பிள்ளையைக் கவ்விக்கொண்டு கூரனும் தாழையும் வெளியே பாய்ந்தன. பின்னால் கூரை சரிந்தது. சேர்த்துவைத்த கிழங்கு அத்தனையும் மிதந்து போயிற்று.

எங்கே போவது? சுற்றிலும் தண்ணீர். அவரவர் அவரவர் வீட்டோடு போராடிக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து மஞ்சாடி கத்தியது: "இங்க வாங்க, அண்ணே! ரெண்டு அறை இருக்கு. ஒண்ணுல நீங்க இருங்க. முள்ளை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கோங்க!"

கூரன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனது. அந்த அறையைப் பற்றி அது என்னென்னவோ நினைத்து மனம் புழுங்கியிருந்தது. உள்ளே வந்து பார்த்தால் சாதாரண மண் சுவர்தான். சின்ன அறைதான். தரை மட்டும் காய்ந்து கிடந்தது. பிள்ளைகள் படுத்தவுடன் தூங்கிவிட்டன.

"அன்னிக்கு நீ பொறாமையில பேசுறேன்னு நினைச்சேன்" என்றது கூரன்.

"தெரியும். உங்க முகத்துலயே எழுதியிருந்துச்சு" என்றது மஞ்சாடி.

மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்தது. கூரனின் மூன்று அறைகளும் வண்டல் நிறைந்து மூடிக் கிடந்தன. மேலே ஈரம் காயாத புது நத்தை ஓடுகள் சிதறியிருந்தன. கூரன் அவற்றைத் தொடவில்லை.

பெருச்சாளிகள் பங்கு போட்டவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டன. கூரன் தானேதான் தோண்ட வேண்டும், அரை வயிற்றோடு. ஓரிடத்தில் மண்ணைக் கீறியது. நத்தை ஓடு வந்தது. இன்னும் மேலே ஏறிக் கீறியது, அங்கும் ஓடு. ஓடே கிடைக்காத ஒரு மேட்டில் கடைசியாக நின்றது.

"இங்கேயா? மண்ணு கல்லு மாதிரி இருக்கே. எத்தனை அறை?" என்றது தாழை.

"ஒண்ணு போதும். கிழங்கு கிடைச்சதும் முதல்ல பங்கைப் போட்டுட்டு வந்துடுறேன்" என்றது கூரன்.

அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் பொறாமையில் வேகிறவருக்குத் தம் காலடி மண் சொல்லும் எச்சரிக்கை காதில் விழாது. ஆகவே நாம் இருக்கும் இடத்தின் ஆபத்தை நாமே அறிந்து, அது வருவதற்கு முன்பே பாதுகாப்புத் தேடிக்கொள்ள வேண்டும்.