பச்சை விளக்கு அணையும் வரை

“டீச்சர், இந்த லேப்டாப் என் உயிரை எடுக்குது” என்றார் சந்தியாகு.

பல்கீஸ் ஒரு காலத்தில் பள்ளியில் கணினி கற்பித்தவர். இப்போது கணினிகளைப் பழுது பார்க்கிறார். சந்தியாகு அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆயினும், அவரிடம் தட்டச்சு கற்ற நாள்முதல் அவருடைய மாணவர்.

தீரா நோயாளிகள் தங்கும் இல்லமொன்றில் சந்தியாகு அவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறார். அவர்கள் சொல்வார்கள், அவர் தட்டச்சு செய்வார்.

“என்ன பண்ணுது?”

“ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் இந்தப் பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. அது அணையுற வரைக்கும் ஒரு எழுத்து நகராது. அவங்க மூச்சு அதுவரைக்கும் காத்திருக்குமா?”

பல்கீஸ் கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, அதையே ஒரு சேமிப்பு வட்டைப்போல் இயங்கச் செய்தார்.

“இனி இதுல எழுதுங்க அண்ணே, பறக்கும். ஆனா கரண்ட் நின்னா இதுல எதுவும் நிக்காது. எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பழைய டிஸ்க்குல இறக்கி வெச்சிரணும்.”

பிறகு, தம்ளர் நீரில் விரலைத் தோய்த்து, மேசைக் கண்ணாடியின்மேல் சந்தியாகுவின் பெயரை எழுதினார்.

“நல்ல கையெழுத்து” என்று சிரித்துவிட்டுச் சந்தியாகு வேகத்தைச் சோதிக்கலானார்.

தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பெயர் காய்ந்ததை அவர் பார்க்கவில்லை.



ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தார். பையை மார்போடு அணைத்திருந்தார்.

“இல்லத்துல இருந்த வேலம்மா போயிட்டாங்க டீச்சர். இன்னிக்கு விடியக்காலம்.”

பல்கீஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“நாலு வருசமா பேசாத மகளுக்கு நேத்து ஒரு கடிதம் சொன்னாங்க. மஸ்கட்லேருந்து அவ சாயங்காலம் வர்றா. கடிதத்தைக் காணோம்.”

“சேவ் பண்ணலையா?”

“வரிக்கு வரி பண்ணேன். ‘சேவ் ஆயிருச்சு’ன்னு அதுவே சொல்லிச்சு.”

“எதுல?”

சந்தியாகு தலை குனிந்தார்.

“வேகமானதுல.”

“இறக்கி வைக்கலை.”

“முடிச்சதும் தண்ணி கேட்டாங்க. லேப்டாப்பை மூடிப் பையில வெச்சிட்டுத் தம்ளரை எடுத்தேன். அப்புறம் கையைப் பிடிச்சவங்க விடவே இல்லை. பேட்டரி வேற பழசு. பைக்குள்ளேயே தீர்ந்து போச்சு.”

பல்கீஸ் பையிலிருந்து கணினியை எடுத்தார்.

“எதையாவது போட்டு மீட்டுக் குடுங்க. உங்களை மந்திரவாதின்னு எங்க நர்ஸுங்க எல்லாம் சொல்றாங்க.”

“காய்ஞ்ச தண்ணியிலேருந்து எழுத்தை எடுக்கிற மந்திரம் எனக்குத் தெரியாது.”

பிறகு பல்கீஸே கேட்டார்:

“வாசிச்சுக் காட்டினீங்களா?”

அது அந்த இல்லத்தின் விதி. எழுதியதைச் சொன்னவருக்கே இரண்டு முறை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

“ரெண்டு தடவை. முதல் தடவை அழுதாங்க. ரெண்டாவது தடவை திருத்தினாங்க. கடைசியில ‘மன்னிச்சிரு’ன்னு இருந்துச்சு. அது வேண்டாம், ‘வீட்டுச் சாவி...’ ”

பல்கீஸ் சட்டென்று கையை உயர்த்தினார்.

“பேசாதீங்க.”

கணினியை மின்சாரத்தில் இணைத்தார். வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இப்போ அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. உட்காருங்க.”

“டீச்சர், ஞாபகம் வராத இடத்துல என்ன செய்ய?”

“புள்ளி வையுங்க. நீங்களா நிரப்பாதீங்க.”

சந்தியாகு எழுதினார். கடைக்கு வந்தவர்களைப் பல்கீஸ் உதட்டில் விரல் வைத்து வாசலிலேயே நிறுத்தினார்.

பதினோரு வரிகள் வந்தன. இரண்டு இடங்களில் புள்ளிகள். கடைசி வரி: ‘வீட்டுச் சாவி எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.’

சேமிக்கும் பொத்தானை அழுத்தினார்.

பல்கீஸ் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தது பழைய வட்டில். பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது.

“நாக்கு வறண்டிருக்கும். இந்தாங்க அண்ணே, தண்ணி” என்று பல்கீஸ் தம்ளரை நீட்டினார்.

சந்தியாகு பச்சை விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருங்க டீச்சர். இன்னும் எழுதிக்கிட்டிருக்கு.”