காப்பு கட்டாத ராக்கு

சாமியே கும்பிடாத ராக்கு என்றொருத்தி, அம்மன் கோயில் வாசலில் பணியாரம் சுட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்து வந்தாள். அம்மன் சிலையைக் காட்டி "அட, இது வெறும் கல்லுதானே" என்று அவள் சொன்னது தர்மகர்த்தா நல்லமுத்து காதில் விழுந்துவிட்டது.

அன்று காலைதான் அவர் திருவிழா விரதத்துக்காகக் கையில் காப்புக் கட்டியிருந்தார். ஊரைக் கூட்டி, "ஆத்தாளைப் பழிச்ச நாயே! கடையைத் தூக்கிட்டு ஊரை விட்டு ஓடு!" என்று கையை ஓங்கிவிட்டார்.

ராக்கு நகரவில்லை. "அய்யா, காப்புக் கட்டாதவ கறி தின்னா விரதம் முறியுமா?"

"அதெப்படி முறியும்? கட்டினவனுக்குத்தான் விரதம்!"

"நான் ஆத்தாளைக் கும்பிட்டதே இல்லையே, எனக்கு எங்கிட்டிருந்து சாமி குத்தம் வரும்? அது கிடக்கட்டும், காப்புக் கட்டினவுக இப்படி ஏசலாமா, பொம்பளைய அடிக்கக் கை ஓங்கலாமா?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு பளிச்சென்று தெரிய, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூசாரி தொண்டையைச் செருமினார். "குத்தம் உங்க பேருலதான் தர்மகர்த்தா. போய்த் தலைமுழுகிட்டு வாங்க. ராக்கு, நீ கடையைப் பாரு தாயி."

ராக்கு பணியாரச் சட்டியில் மாவை ஊற்றினாள்.

"சுருக்கா முழுகிட்டு வாங்கய்யா, சூடா நாலு பணியாரம் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.