அண்ணன் பெயரும் தம்பி பெயரும்

முன்னே வர வேண்டியதைப் பின்னே சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஈரோட்டில் ஓர் ஊறுகாய்க் கடை. அண்ணன் சென்னியப்பனும் தம்பி நாச்சிமுத்துவும் அதற்கு முதலாளிகள். கடைக்கு இணையப் பக்கம் வடிவமைக்கும் வேலை, புதிதாகச் சேர்ந்த கோகிலவாணியின் தலையில் விழுந்தது.

"அம்மிணி, தலைப்புல என் பேர்தான் பெருசா இருக்கோணும்," என்றார் அண்ணன்.

"அதைவிட என் பேர் பெருசா இருக்கோணும். இல்லீன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்," என்றார் தம்பி.

"நான் சொன்னபடி செய்யலீன்னாலும் அதேதான்," என்றார் அண்ணன்.

"ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சு போடறேனுங்க," என்றாள் கோகிலவாணி.

பக்கம் தயாரானது. முதலாளிகள் பெயர்களும் ஊறுகாய்ப் பெயர்களும் அதில் தலைப்புகளாக நின்றன. விரல் பட்ட தலைப்பு பெரிதானது, மற்றவை சிறுத்தன. அவரவர் போனில் அவரவர் பெயரையே தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

"யார் பேருங்க பெருசு? தொட்டுப் பாருங்க," என்று கடைக்கு வந்த ஓர் அம்மாவிடம் அண்ணன் போனை நீட்டினார். அந்த அம்மா திரையில் 'நார்த்தங்காய்' என்ற தலைப்பைத் தொட்டார். அது திரை முழுக்க விரிந்தது. முதலாளிகள் இருவரும் கடுகளவாகி மூலையில் ஒட்டிக்கொண்டார்கள்.

"என்ன அம்மிணி இது?" என்று கோகிலவாணியைக் கேட்டார் அண்ணன்.

"உங்களுக்கு உங்க பேர் வேணும், அவங்களுக்கு நார்த்தங்காய் வேணுமுங்க. யாருக்கு எது வேணுமோ அது பெருசாகுமுங்க."

கடையே சிரித்தது. தம்பியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்படியே இருக்கட்டும்," என்றார் அண்ணன்.

அவர் மனசு மாறுவதற்குள் கோகிலவாணி உள்ளே ஓடினாள். தலைப்புகளின் அமைப்பை இனி யாரும் மாற்ற முடியாதபடி டிசைன் மென்பொருளில் பூட்டுப் போட்ட பிறகுதான் மூச்சுவிட்டாள்.