சாப்பான் போட்ட புல் முடிச்சு

எருசலேமுக்குத் தெற்கே, பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கில் குழிமுயல் ஒன்று இருந்தது. முயல் அளவுதான் இருக்கும். பாறை இடுக்கில் குடித்தனம். வால் என்று ஒன்று கிடையவே கிடையாது. எபிரேய மொழியில் குழிமுயலுக்குச் சாப்பான் என்று பேர். நம் காதுக்கு அது சாப்பாட்டு ராமன் மாதிரிக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் ரொம்பத் தப்பாகவும் கேட்கவில்லை!

சாப்பானின் இடுக்குக்கு நேர் முன்னால் ஒரு காட்டு அத்திமரம் நின்றது. அந்தப் பக்கத்திலேயே பெரிய மரம் அதுதான். "இது என் தகப்பன் நட்ட மரம். நான் இதன் வேரடியில் பிறந்தவன்!" என்று சாப்பான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. சொல்லிச் சொல்லி அதற்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அத்தனையும் புளுகு.

ஆறு வருடத்துக்கு முன்னால் வனாந்தரத்தில் மழை பொய்த்தபோது, எலும்பும் தோலுமாக அது இங்கே வந்து விழுந்தது. மற்ற பிராணிகள் எல்லாம் அப்போது தண்ணீர் தேடி மேட்டுக்குப் போயிருந்தன. நடக்க மாட்டாமல் தங்கிவிட்ட ஆமை ஒன்றுதான் இங்கே இருந்தது. அது சாப்பானின் வாயில் ஒரு அத்திப்பழத்தைத் திணித்தது. சாப்பானுக்கு மெல்லத் தெம்பில்லை, அப்படியே விழுங்கியது. பழத்தோடு வந்த ஏதோ ஒரு நார் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் உறுத்தியது. மற்றவை திரும்பி வந்தபோது சாப்பான் தேறி உட்கார்ந்திருந்தது. 'இடுக்கை விட்டு நான் வெளியே வந்ததில்லை, அதனால்தான் நீங்கள் என்னைப் பார்த்ததில்லை' என்று கூசாமல் அந்தப் புளுகையும் ஆரம்பித்துவிட்டது. வந்தேறி என்று பேர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆமையும் வாயைத் திறக்கவில்லை.

சாப்பான் வருவதற்கு வெகு முன்னாலிருந்தே அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் யாகீன் என்ற விவசாயி இருந்தார். அவருடைய கழுதைதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

"எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார் தெரியுமா?" என்றது கழுதை. "முதன்முதலில் பழுக்கிற அத்திப்பழத்தைப் பார்த்ததும் அதில் ஒரு கோரைப்புல்லைக் கட்டி முடிச்சுப் போடுவார். 'இது கடவுளுடையது' என்பார். அப்புறம் பிள்ளைகள்கூட அதைத் தொடாது. பிறகு அதைக் கூடையில் வைத்து, என் முதுகில் ஏற்றி, குழல் ஊதிக்கொண்டு ஆலயத்துக்குப் போவோம். அங்கே காணிக்கை வாங்கும் பூசாரியான ஆசாரியருக்கு முன்னால் நின்று எங்கள் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். 'எங்கள் முன்னோர் நாடோடிகள். அடிமைப்பட்டுக் கிடந்தோம். கதறினோம். கடவுள் காதில் விழுந்தது. மண் கொடுத்தார். இதோ, அந்த மண்ணின் முதல் பழம்!' இதைச் சொன்னால்தான் காணிக்கை!"

"பழத்தைக் கொடுத்தால் போதாதா? பழங்கதை எதற்கு?" என்று கேட்டது முள்ளெலி.

"பழத்தை மரம்கூடக் கொடுக்கும். எங்கிருந்து வந்தேன் என்று மரம் சொல்லுமா?" என்றது கழுதை. தான் சொன்னதைத் தானே மெச்சிக்கொண்டு காதை ஆட்டியது.

பிராணிகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஊற்றடியில் இருந்த தட்டைக் கல்லைக் காணிக்கைக் கல் ஆக்கின. கவுதாரி அக்காதான் எல்லாவற்றையும் முன்நின்று நடத்தும். வாய் நீளம், மனசு சுத்தம். "காணிக்கையைச் சாப்பிட நம்மிடம் ஆசாரியர் இல்லை. அதனால் கல்லில் வைத்ததை, இந்த மண்ணில் தனக்கென்று ஒன்றும் இல்லாதவர் யாரோ, அவர் சாப்பிடட்டும்!" என்று அது அப்போதே சொல்லிவிட்டது.

காணிக்கை நாள் வந்தால் போதும், சாப்பானுக்கு வயிற்று வலி வந்துவிடும். ஒரு வருடமா, இரண்டு வருடமா, ஆறு வருடமும் அதே வயிற்று வலி! எங்கிருந்து வந்தேன் என்று சொல்லத்தானே வேண்டும்?

இந்த வருடம் காணிக்கைக்கு நாலு நாள் இருக்கும்போது, மத்தியான வெயிலில், வேற்றூர்க் குழிமுயல் ஒருத்தி தள்ளாடிக்கொண்டு வந்தாள். அவள் பேர் திம்னா. முதுகெல்லாம் புழுதி.

"அண்ணே, கீழே விழுந்த பழம் ரெண்டு பொறுக்கிக்கட்டுமா?"

"எந்த ஊர் நீ?" என்றது சாப்பான்.

"யோர்தான் ஆத்துக்கு அந்தப் பக்கம் அண்ணே. மழையே இல்லை. வீட்டுக்காரரைக் கழுகு தூக்கிட்டுப் போயிடுச்சு. வயித்துல குட்டி இருக்கு. இதுக்கு மேல என்னால நடக்க முடியாது."

சாப்பான் மரத்தையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தது. பசி என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். அதனால்தான் பயம். 'இன்றைக்கு இரண்டு பழம் என்பாள். நாளைக்குக் குட்டிகள் வரும். அப்புறம் குட்டிகளுக்குக் குட்டிகள்! கடைசியில் எனக்கு இலைதான் மிஞ்சும்' என்று கணக்குப் போட்டது. விரட்டிவிடலாம்தான். ஆனால் கவுதாரி அக்காவுக்குத் தெரிந்தால் பள்ளத்தாக்கே காறித் துப்பும்.

"அதற்கென்னம்மா! நாளைக்குக் காலையில் வா" என்றது வாய் இனிக்க.

அவள் ஒரு புதருக்கடியில் போய்ச் சுருண்டதும் சாப்பான் மரத்தில் ஏறியது. கோரைப்புல்லைக் கிழித்துக் கிழித்து, எட்டின பழம் எட்டாத பழம் என்று பாராமல் எல்லாவற்றிலும் முடிச்சுப் போட்டது. கீழே விழுந்து கிடந்ததையும் விடவில்லை. ஒரு சோம்பேறி அவ்வளவு வேலை செய்து அந்தப் பள்ளத்தாக்கு பார்த்ததே இல்லை!

மறுநாள் காலையில் திம்னா வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "எல்லாத்திலும் முடிச்சு இருக்கே, அண்ணே?"

"என்ன செய்யட்டும்மா! எல்லாம் கடவுளுக்குப் போகிற பழம். நான் எப்படி எடுத்துத் தருவேன்?"

"ஐயோ, கடவுளோடதா! அப்படின்னா நான் தொட மாட்டேன்" என்று அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அவ்வளவு பழத்துக்குக் கீழே உட்கார்ந்து அவள் முட்செடி இலையைக் கொறித்தாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். சாப்பானோ அவள் அந்தண்டை திரும்பினதும் முடிச்சை அவிழ்த்து ஒரு பழத்தை விழுங்கிவிட்டு, கடவுளை நினைத்து உருகுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும். வெட்கம் கெட்ட ஜென்மம்! மூன்றாம் நாள் அவளுடைய விலா எலும்பு வெளியே தெரிந்தது. சாப்பான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

காணிக்கை நாள் விடிந்தது. கவுதாரி அக்கா பறந்து வந்து அத்திமரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் ஒரு கத்தல்!

"அடே சாப்பான்! மரம் பூராவும் முடிச்சு! எல்லாரும் ஓடி வாங்க! இவனைப் போய்க் கஞ்சன்னு சொன்னோமே!"

"அக்கா, எனக்கு வயிறு..." என்று ஆரம்பித்தது சாப்பான்.

"வயிறு கிடக்கட்டும்! முடிச்சுப் போட்டால் கடவுளுடையது. வா, வா!"

எல்லாப் பிராணிகளும் கூடிவிட்டன. பாராட்டிப் பாராட்டியே மரத்தை மொட்டையடித்தன. கூடை கூடையாகப் பழம் ஊற்றடிக்குப் போயிற்று. ஒவ்வொரு பழம் பறிக்கும்போதும் சாப்பானுக்கு ஒரு மயிரைப் பிடுங்குவது போல இருந்தது. வாயை விட்டுச் சொல்ல முடியுமா? பல்லைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தது.

முள்ளெலி ஒரு வாற்கோதுமைக் கதிரைக் கல்லில் வைத்தது. "வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தவன் நான். கரை சேர்த்த கடவுளுக்கு நன்றி!" என்றது. அடுத்தது ஆமை. ஊற்றோரத்து அத்திச்செடியில் அந்த வருடம் காய்த்ததே ஒரு பழம். அதைத்தான் முடிச்சோடு கொண்டுவந்திருந்தது. "நெருப்புப் பிடித்த காட்டிலிருந்து ஊர்ந்து வந்தேன். இங்கே ஈரம் இருந்தது. நன்றி!" என்றது.

"தனக்கென்று மண் இல்லாதவர் யார்?" என்று கேட்டது கவுதாரி.

"நான்தாங்க" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திம்னா கிட்டத்தட்டத் தவழ்ந்து வந்தாள். ஆமை தன் ஒரே பழத்தை மூக்கால் அவள் பக்கம் தள்ளியது.

சாப்பான் அதைப் பார்க்கவில்லை. அதன் கண் முழுக்கக் கூடைகள்மேலேயே இருந்தது.

"சாப்பான், உன் முறை! சொல்லு, எங்கிருந்து வந்தாய்?"

சாப்பான் கூடைகளுக்கு முன்னால் போய் நின்றது. "நான் எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயே பிறந்தவன். என் தகப்பன் நட்ட மரம். என் மரத்துப் பழம்!"

கவுதாரி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. "அப்படியா? மரமும் உன்னுடையது, மண்ணும் உன்னுடையது. ஒருத்தரும் உனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்புறம் எதற்கு நன்றி? இது காணிக்கை ஆகாதப்பா. கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ!"

சாப்பானுக்குக் காதை நம்ப முடியவில்லை. எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது! ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு புல் கிழித்திருக்க வேண்டாமே! சந்தோஷமாக முதல் கூடையைத் தூக்கித் திரும்பியது.

எதிரே திம்னா உட்கார்ந்திருந்தாள். ஆமை கொடுத்த பழத்தை மெல்லாமலே விழுங்கியிருந்தாள். அவிழ்க்கப் பொறுமையில்லாமல் முடிச்சையும் சேர்த்தே விழுங்கியிருந்தாள். உதட்டோரம் கோரைப்புல் ஒன்று தொங்கியது. மறுமுனை பல்லிடுக்கில் சிக்கியிருந்தது. நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்தாள். வரவில்லை.

சாப்பானுக்குத் தன் பல்லில் சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன்னால் உறுத்திய அதே இடம்.

கூடையைக் கீழே வைத்தது. ஆமையிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டது: "அண்ணே, அன்னைக்கு என் வாயில வச்சியே ஒரு பழம்... அதுல முடிச்சு இருந்துச்சா?"

ஆமை கூட்டத்தை ஒரு தரம் பார்த்தது. எல்லோர் காதும் இந்தப் பக்கமே இருந்தது. "பழசெல்லாம் எனக்கு எங்கேப்பா ஞாபகம் இருக்கு?" என்றது.

ஆமை எதையும் மறக்கிற பிராணி இல்லை. சாப்பானின் மானத்தைக் காப்பாற்றத்தான் அது அப்படிச் சொன்னது. சாப்பானுக்கு அது புரிந்தது. அன்றைக்குத் தின்றதும் கடவுளுக்கென்று கட்டி வைத்த பழம். இன்றைக்கு உயிரோடு நிற்பதே அந்த முடிச்சால்தான். அதே முடிச்சைப் போட்டல்லவா ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்டது! சாப்பானுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்குத் திரும்ப வந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய்! வனாந்தரத்திலிருந்து வந்தவன் நான். பசியில் செத்து விழுந்தேன். எனக்கென்று ஒரு கூழாங்கல்கூட இல்லை. இந்த ஆமை அண்ணன் காணிக்கைப் பழத்தை என் வாயில் வைத்தான். மரத்தை நான் நடவில்லை, என் தகப்பனும் நடவில்லை. இந்த முடிச்சுகூட இவள் தின்னக் கூடாது என்றுதான் போட்டேன். கடவுளே, கொடுத்தது எல்லாம் நீ! நன்றி! நன்றி!"

கவுதாரி அக்கா கல்லில் இடம் ஒதுக்கிவிட்டு மெல்லச் சொன்னது: "இப்போ வைடா கூடையை. இப்போதான் இது காணிக்கை."

சாப்பான் வைத்தது. ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லையும் அங்கேயே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வயிற்று வலியும் அன்றோடு போயிற்று. கூடைகளைத் திம்னாவுக்கு முன்னால் தானே இழுத்துக்கொண்டு போய் வைத்தது.

"இத்தனையுமா, அண்ணே?" அவள் ஒரு பழத்தை எடுத்து அதிலிருந்த புல்லைப் பார்த்தாள். "முடிச்சை அவிழ்த்துட்டுத் தின்னணுமா?"

"வேண்டாம் தங்கச்சி. அப்படியே தின்னு. பல்லுல கொஞ்சம் சிக்கட்டும்" என்றது சாப்பான்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஊற்றடியில் முள்ளெலியும் கவுதாரியும் ஆமையும் அவள் கையால் வாங்கித் தின்றன. சாப்பானும் ஒரு பழம் வாங்கித் தின்றது. அத்தனை வருடம் ஒளிந்து தின்ற பழத்தில் இல்லாத ருசி அதில் இருந்தது. அத்திமரமோ வருடத்தில் இரண்டு தரம் காய்க்கிற மரம். கோடை முடிவதற்குள் மறுபடியும் கிளை தாழக் காய்த்தது. பசிப் பயத்தில் சாப்பான் அதைக்கூட மறந்திருந்தது. திம்னாவின் மூன்று குட்டிகளும் அந்த மரத்தடியில்தான் ஓடி விளையாடின.

பசித்த நாளில் தனக்குக் கிடைத்த முதல் கவளத்தை மறக்காதவனால்தான், விளைந்த நாளில் தன் முதல் பழத்தை மனசாரக் கொடுக்க முடியும்.