வால்வு ஆம்ப்ளிபயருக்கு எட்டு ஆள்

செங்கோடம்பாளையத்து நாச்சிமுத்துவுக்கு மாமனார் வெள்ளியங்கிரி தன் பழைய வால்வு ஆம்ப்ளிபயரைக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்பேன், சரியாகப் பாடினால் அது உங்களுக்கு, இல்லையென்றால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். நாச்சிமுத்துவுக்கோ அதன் மேல் உயிர். வால்வுகள் செக்கச்செவேல் என்று எரிவதைப் பார்த்தாலே அவனுக்குப் பசி மறந்துவிடும்.

"பின்னாடி நாலு, எட்டு, பதினாறுன்னு மூணு முனை இருக்குதுங்க மாப்பிள்ளை. உங்க ஊட்டு ஸ்பீக்கரைப் பார்த்து, என்ன நம்பரோ அந்த முனையில வயரைக் குடுங்க. மாறுச்சுன்னா டிரான்ஸ்பார்மர் போயிரும். அப்புறம், நல்லாச் சூடானதுக்கப்புறந்தான் பாட்டு" என்றார் மாமனார்.

உதவிக்கு ஆறுக்குட்டி, குப்புராஜ், தெய்வசிகாமணி என்று மூன்று கூட்டாளிகள் வந்தார்கள். மூவரும் அறிவுக்குப் பேர் போனவர்கள், அதாவது அவர்களுக்குள்ளேயே.

முதலில் சூடாக்கும் வேலை. ஆம்ப்ளிபயரை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், கம்பளியைப் போர்த்தி, சித்திரை வெயிலில் வைத்தார்கள். குப்புராஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் காய்ச்சல் வரலை" என்றான். மத்தியானம் அவனுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அப்புறம்தான் இரண்டு பேரையும் கீழே இறக்கினார்கள்.

பிறகு மாமனார் சொன்னபடியே ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். எதிரே வரிசையாக உட்கார்ந்து, டீ ஆறிப்போகும்வரை பார்த்தார்கள். கறுப்புத் துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எட்டு என்ற எண் ஸ்பீக்கரின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"திருப்பிப் பாக்கலாமா?" என்றான் ஆறுக்குட்டி.

"யாரையாச்சும் முதுகுப் பக்கம் நின்னு விசாரிப்பாங்களா?" என்று அடக்கினான் தெய்வசிகாமணி. வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஸ்பீக்கர் எதுக்கு? கேக்கறதுக்கு. கேக்கற ஆளு எத்தனையோ, அதுதான் நம்பர். நாம நாலு பேரு. நாலுல குடு" என்றான்.

வயரை நாலாம் முனையில் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் மனைவி செல்வநாயகி வடைத் தட்டோடு வந்தாள். "அஞ்சுக்கு முனை இல்லை சாமி, பக்கத்து ஊட்டுல போய் உக்காரு" என்று கெஞ்சினான் நாச்சிமுத்து. அவள் வடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மனைவியோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தான் நாச்சிமுத்து. ஏழு. ஏழுக்கும் முனை இல்லை. தெருவில் போன பால்காரரை இழுத்துவந்து உட்காரவைத்து, வயரை எட்டாம் முனைக்கு மாற்றிச் சுவிட்சைப் போட்டார்கள்.

வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டார். "நெம்ப அருமைங்க மாப்பிள்ளை. எங்கிட்ட இருந்தப்பக்கூட இப்படிப் பாடலை. இனி இது உங்களுதுதான்" என்றார். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பால்காரர் எழுந்தார். கூட்டாளிகள் மூவரும் அவர் தோளை அமுக்கினார்கள்.

"கறக்கோணுங்க, மாடு கத்தும்."

"மாடு கத்தத்தான் செய்யும். இது வெடிச்சிரும்" என்றான் குப்புராஜ்.

ஆனால் மாமனாரை அமுக்க முடியுமா? சாயங்கால பஸ்ஸுக்கு அவரும் மாமியாரும் கிளம்ப, அவர்கள் மறைவில் பால்காரரும் நழுவினார். மிச்சம் ஐந்து பேர். செல்வநாயகி இனி எங்கும் போவதாக இல்லை, கூட்டாளிகளும்தான். சுவிட்சை அணைத்துவிட்டு இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா குடுத்தாரு, எனக்குக் குடுத்து வெக்கலை" என்றான் நாச்சிமுத்து.

"உங்க மாமனார் ஊட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டான் ஆறுக்குட்டி.

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினான். மாமனார், மாமியார், மச்சான் ரெண்டு பேர், அவர்கள் சம்சாரங்கள், குழந்தைகள் ரெண்டு. எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் நாச்சிமுத்துவும் கூட்டாளிகளும் ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, எட்டாம் முனையில் வயரைக் கொடுத்து, பாட்டைப் போட்டுவிட்டு நால்வரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார் வெள்ளியங்கிரி.

"வேண்டாங்க மாமா, டிரான்ஸ்பார்மர் போயிரும்."

பாட்டு ரோட்டுக்கும் வந்தது. தெய்வசிகாமணி திடுக்கிட்டான். "நமக்கும் கேக்குதே. அப்பப் பன்னெண்டு ஆச்சே" என்றான். நால்வரும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜன்னல் வழியே மாமனாரின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து பூரித்துப்போய், காதிலிருந்து கையை எடுக்காமலே கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தினான்: "எப்படிப் பாடுது பாத்தீங்களா, என்ற ஆம்ப்ளிபயர்?"