குரங்கு அழித்த இயங்குதளம்

குளக்கரைக் காட்டில் வனக்காவலர்கள் விட்டுப்போன குடிசை ஒன்று இருந்தது. அதில் ஒரு கம்ப்யூட்டர். மலையில் எங்கே தீ எரிகிறது என்று அதில் படம் வரும்.

அப்போது கடுங்கோடை. மலையில் தீ பிடித்திருந்தது. மான் தினமும் காலையில் வந்து, தீ எந்தப் பக்கம் என்று பார்க்கும். பிறகு, வேகமாக ஓடத் தெரியாத தன் குட்டியை மறுபக்கம் கூட்டிப் போகும்.

குரங்குக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தன் முகத்தைத் தானே படம் பிடித்துச் சேர்த்துக்கொண்டே இருந்தது. பல்லைக் காட்டி ஒன்று, வாலைத் தூக்கி ஒன்று. ஒருநாள் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. தன் படத்தில் ஒன்றையாவது அழிக்குமா? அழிக்காது!

"இதென்ன, 'இயங்குதளம்' என்று ஒரு ஃபோல்டர்? பாதி இடத்தை இதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது! யாராவது ஒருநாள் இதைத் திறந்திருக்கிறோமா? தண்டச்சோறு!" என்றது குரங்கு.

"ஐயோ, அதைத் தொடாதே!" என்று பதறியது முள்ளம்பன்றி. அந்தக் காட்டில் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தது அதற்குத்தான். "நீ பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது அதுதான். உன் படத்தை எங்கே வைத்தோம் என்று நினைவு வைத்திருப்பதும் அதுதான். உன் படமும் மானுடைய தீப்படமும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், இரண்டும் முட்டிக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வேலை வாங்குவதும் அதுதான்!"

"அதெல்லாம் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்!"

"அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரம்! உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது?" முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

அது அந்தப் பக்கம் போனதும் குரங்கு 'அழி' என்று தட்டியது. "நிச்சயமாகவா?" என்று திரையில் கேள்வி வந்தது. குரங்கு படிக்காமலே 'சரி' என்றது. "அழித்தால் கம்ப்யூட்டர் இயங்காது, சம்மதமா?" என்று மறுபடி கேட்டது. அதற்கும் சரி! எதைக் கேட்டாலும் சரி போடுகிறவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

திரையில் எதுவும் மாறவில்லை. "அட, ஒன்றுமே ஆகவில்லை!" என்று குதித்தது குரங்கு. இன்னும் நாலு படம் எடுத்தது. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனது.

மறுநாள் காலை காடெல்லாம் புகை. மான் ஓடிவந்தது. முள்ளம்பன்றி கம்ப்யூட்டரைப் போட்டது. கறுத்த திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது: "இயங்குதளம் இல்லை."

"என் படமெல்லாம் எங்கே?" என்று அலறியது குரங்கு.

"உள்ளேதான் இருக்கிறது! எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!" என்றது முள்ளம்பன்றி.

"உன் மூஞ்சி யாருக்கு வேண்டும்? என் குட்டியை நான் எந்தப் பக்கம் கூட்டிப் போவேன்?" என்று கத்தியது மான்.

யாருக்கும் தெரியவில்லை. வடக்கே புகை குறைவாகத் தெரிந்தது. மான் குட்டியோடு அங்கே ஓடியது. தீ அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் இரண்டும் திரும்பி வந்தன. குட்டியின் பின்னங்கால் வெந்து போயிருந்தது.

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்றது குரங்கு.

"கம்ப்யூட்டர் உன்னிடம் கேட்டிருக்குமே! இரண்டு முறை கேட்டிருக்குமே!" என்றது முள்ளம்பன்றி. மான் குட்டியைக் குளத்துத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றது.

கண்ணுக்குத் தெரியாமல் எல்லாரையும் தாங்குகிறவரைச் சும்மா இருப்பவர் என்று விரட்டினால், அந்த அடி ஒரு பாவமும் அறியாதவர் மேல்தான் விழும்.