தாயாருக்கு வந்த நாடு கடத்தல்

வேழமங்கலத்தை உத்தண்டராயர் ஆண்ட காலத்தில் மழைக்குப் பஞ்சம் இருந்தது, சட்டத்துக்கு இல்லை. அரண்மனை விகடகவி மருதப்பனுக்கு அது நல்ல பிழைப்பு. வருகிற சட்டத்தையெல்லாம் கேலி செய்தே வயிறு வளர்த்தான். ஆனால் அந்த வருஷம் வந்த சட்டம் அவனுக்குத் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கியது.

பெருமாள் கோயில் அழகியசிங்க பட்டர் கேட்டு வாங்கிய சட்டம் அது. சுவாமியை நிந்தித்துப் பேசுபவர் யாராயிருந்தாலும் நாடு கடத்தப்படுவார். ‘யாராயிருந்தாலும்’ என்பதைப் பட்டர்தான் சொல்லிச் சேர்க்க வைத்தார்.

முதலில் மாட்டியவள் மோர்க்காரக் கிழவி வேம்பாயி. இருந்த ஒரே எருமையும் செத்துப்போக, நேரே சந்நிதிக்கு வந்தாள். “தினம் மோர் கொண்டாந்து ஊத்தினேனே, நீயெல்லாம் ஒரு சாமியா? நன்றி கெட்டவனே” என்று ஊரே கேட்கத் திட்டினாள். மறுநாள் உற்சவம் முடிந்ததும் எல்லை தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இந்த வயசில் அவள் எங்கே போவாள்? மருதப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் உற்சவம் மட்டையடி. பெருமாள் வெளியூர் நாச்சியாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அவர் தேவி, தாயார், கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்வார். தாயார் கட்சிக்காரர்கள் பெருமாள் பல்லக்கை வாழைமட்டையால் அடிப்பார்கள், வெண்ணெயை எறிவார்கள். தாயாருக்காகப் பட்டர் உள்ளேயிருந்து பேசுவார். வருஷா வருஷம் நடப்பதுதான்.

ராஜா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டர் குரல் கணீரென்று வந்தது. “பொய்யரே, வெட்கமில்லையா? வந்த வழியே போம்.”

மருதப்பன் காவலர்களைக் கூப்பிட்டான். “கதவைத் தட்டுங்கள். ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.”

பட்டர் கையில் வெண்ணெயோடு வெளியே வந்தார். “என்னப்பா இது?”

“சுவாமியைப் பொய்யர் என்றீர். அவரே நேரில் கேட்டுக்கொண்டிருந்தார்.”

“நானா சொன்னேன்? தாயார் சொன்னதைச் சொன்னேன்.”

“அப்படியா? மன்னிக்க வேண்டும்.” மருதப்பன் பல்லக்குத் தூக்கிகளிடம் திரும்பினான். “தாயாரை எழுந்தருளப் பண்ணுங்கள். பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும். வேம்பாயியும் அதே வழிதான், பேச்சுத் துணைக்கு ஆயிற்று.”

பட்டருக்கு வேர்த்துவிட்டது. “மகாராஜா, இவன் சொல்வதைக் கேட்டீர்களா?”

“யாராயிருந்தாலும் என்று இருக்கிறதே, பட்டரே” என்றார் ராஜா.

“இது ஊடல் மகாராஜா. உரிமையுள்ளவள் கோபம். பெருமாள் மனசு கொஞ்சமும் நோகாது.”

“நோகாது என்று எப்படித் தெரியும்?” என்றான் மருதப்பன்.

“இத்தனை அடி வாங்கிக்கொண்டும் வாசலை விட்டு நகராமல் நிற்கிறாரே. அவளை அனுப்பிவிட்டால் அவருக்கு யாரப்பா இருக்கிறார்கள்?” பட்டர் குரல் உடைந்தது.

அவர் மனசிலிருந்துதான் பேசுகிறார் என்று மருதப்பனுக்குப் புரிந்தது. அதனால் கேலியை விட்டுவிட்டுக் கேட்டான். “தினம் மோர் ஊற்றியவளுக்கு அந்த உரிமை இல்லையா, சுவாமி?”

பட்டர் கையிலிருந்த வெண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். மருதப்பனுக்கு ஒரு சால்வையும் வேம்பாயிக்குக் கன்றோடு ஓர் எருமையும் கொடுத்தார்.

“பெருமாளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போ” என்றார் பட்டர்.

வேம்பாயி சந்நிதிக்குள் போனாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒரு எருமை குடுக்கிறதுக்கு உனக்கு ராஜா சிபாரிசு வேண்டியிருக்கோ?” என்று ஆரம்பித்தாள்.